ஆறுதலா விடுங்கோ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நான் சொல்லவில்லை, என்னோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவர் சொன்னது. ஆகவே ஒரு சொல்லைக் கேட்டு நான் ஒரு படகையே கவிழ்த்துவிட்டேன் என்றால், என்னைத் தெரிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் அது கெட்ட வார்த்தை இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற நல்ல வார்த்தைதான்.

படகு என்றதும் கடலை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலேசியாவில் எங்கள் ஈப்போவிலிருந்து கடலைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். எங்கள் படகு ஓடியது ஒரு பழைய ஈயக்குட்டையில். முன்னொரு காலத்தில் ஈயம் எடுக்கத் தோண்டிய பள்ளம், வேலை முடிந்து ஆட்கள் போனபின் மழைத்தண்ணீர் நிரம்பி ஏரி மாதிரி கிடக்கிறது. குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். அதன் கரையில் ஒரு தகரக் கொட்டகை, பத்துப் பன்னிரண்டு சின்னப் பாய்மரப் படகுகள், ஒரு பெயர்ப்பலகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் லாரி டயர் கடையில் வேலை செய்தார். தினமும் அந்த வழியாகத்தான் போவார். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆற்றிலேயே விழுந்து எழுந்து வளர்ந்த மனிதர். தண்ணீரைப் பார்த்தால் அவருக்குக் கால் நிற்காது. முதல் கொரோனா அடைப்பு முடிந்து, எல்லோரும் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு நடமாடத் தொடங்கிய சமயம், ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "நம்ம ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"படகு ஓட்ட. காத்து ஓசி, பெட்ரோல் வேணாம். வேற என்னா வேணும்?"

"எனக்கு நீச்சல் தெரியாது."

"ஜாக்கெட் குடுப்பாங்க லா."

நான் பேசின பேச்சுக்கு வேறு ஆளாக இருந்தால் பெயரைத் திரும்ப எடுத்திருப்பார். இவர் சிரித்துக்கொண்டே சோறு சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை வாசலில் எடுத்து வைத்து ஹார்ன் அடித்தார். ஏறிவிட்டேன். எனக்கு லைசென்ஸ் இல்லை, எங்கே போனாலும் அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

அந்தப் படகுப் பள்ளி எப்படி மூடாமல் நடந்தது என்று பின்னால் பலர் கேட்டார்கள். மற்ற இடங்களில் பந்து விளையாட முடியாது, நீச்சல் குளம் பூட்டு. இங்கே திறந்த வெளி, தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, அதனால் அடைப்பு தளரும் போதெல்லாம் அனுமதி கிடைத்தது. விதிகள் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கும். வாசலில் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்ப்பார்கள். படகில் ஏறும்வரை முகக்கவசம், ஏறியதும் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருக வேண்டும். ஒரு படகுக்கு ஒரு ஆள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டும் பெரிய படகில் இரண்டு பேராக ஏறலாம்.

நாங்கள் ஒரே வீடு. அவர் சுக்கானைப் பிடித்தார், நான் கயிற்றைப் பிடித்தேன். சுக்கான்தான் படகைத் திருப்புவது, கயிறுதான் பாயை இழுத்துப் பிடிப்பது. அவர் "இழு" என்றால் இழுப்பேன், "விடு" என்றால் விடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதை நான் மறுபேச்சு இல்லாமல் கேட்டது அந்தப் படகில் மட்டும்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. மூன்றாவது ஞாயிறு நல்ல காற்று. குட்டையின் அந்தக் கரையில் நிற்கும் மலை வரை போய் அதன் சுண்ணாம்புப் பாறையைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினோம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதை அவரிடம் சொல்லாமல், வெயிலில் முகம் கறுத்துப்போச்சு என்று சண்டை பிடித்தேன்.

நாலாவது ஞாயிறு வருவதற்குள் மறுபடி அடைப்பு. மாநில எல்லைகளையும் மூடிவிட்டார்கள். அதில் இரண்டாவது வாரம், ஒரு மதிய நேரம், டயர் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. நோய் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சொன்னார்கள். அப்படியும் வீட்டுக்குள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் அனுமதி.

எங்களுக்கு ஒரே மகள். மருமகனுக்குத் தஞ்சோங் மாலிம் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் வேலை, ஆனால் வீடு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர், வேறு மாநிலம். சாதாரண நாளில் அது ஒரு பாலம், அவ்வளவுதான். அந்த மாதங்களில் அது எல்லை. மருமகன் கடிதம் காட்டித் தினமும் கடந்தான். மகளுக்கும் சாவுக்கென்றால் போலீஸ் அனுமதி கொடுத்திருக்கும். ஆனால் அவளுக்கு வயிற்றில் எட்டு மாதம், இரத்த அழுத்தம் வேறு, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் தம்பி கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, அவள் அப்பாவை அதில்தான் பார்த்தாள். தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும் நேரம் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி வருவதற்குள் வண்டி தெருமுனைக்குப் போய்விட்டது.

ஆறுதல் சொல்ல யாரும் வர முடியாததால், எல்லோரும் அதை அனுப்பி வைத்தார்கள். விளக்குப் படம் போட்டு, பூப் படம் போட்டு, குரல் பதிவு செய்து. "மனச ஆறுதல் படுத்திக்குங்க", "ஆறுதலா இருங்க", "ஆண்டவன் ஆறுதல் குடுப்பான்". நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் நாற்பது பேர். ஆட்கள் நேரில் வந்தால் நாற்காலி போடுவோம், கோப்பி கலக்குவோம், யாராவது ஒருவர் செத்தவரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார், அழுகைக்கு நடுவே சிரிப்பு வரும். ஆள் வராமல் சொல் மட்டும் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு மாதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுவிலிருந்து வெளியேறினேன். "என்னா அக்கா, கோவமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

பேரன் பிறந்தான். அவனையும் கைப்பேசியில்தான் பார்த்தேன். மகள் உடம்பு தேறியதும் முதல் வேலையாக என் விஷயத்தைக் கையில் எடுத்தாள்.

"எல்ல தெறந்ததும் லோரி எடுத்துட்டு வாரோம்மா. சாமான ஏத்திக்கிட்டு எங்கக்கூட வந்துருங்க. வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்."

"நான் வேலைக்குப் போறேன், சாப்புடுறேன், தூங்குறேன். எனக்கு என்னா கொறச்சல்?"

"நீங்க ஒரு நாளாச்சும் தனியா இருந்துருக்கீங்களா? பேங்குக்குக்கூட அப்பாதான் கூட்டிட்டுப் போவாங்க."

அது உண்மை. உண்மையைச் சொன்னதால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வீட்டின் ஒவ்வொரு ஓடும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாற்றியது. பின்பக்கத்து முருங்கைகூட அவர் நட்டது. அதை விட்டுவிட்டு, நல்ல மகளாகவே இருந்தாலும், அவள் வீட்டு அறை ஒன்றில் நான் எதற்குப் போய் உட்கார வேண்டும்? அப்போது என் வாயில் வந்தது இது: "நான் தனியா படகே ஓட்டுவேன்."

மகள் சிரித்துவிட்டாள். என் மகள், என் வாய்தான் அவளுக்கும். "சரிம்மா. தனியா ஓட்டிக் காட்டுங்க. அந்தப் படகுப் பள்ளியில குடுக்குற சர்ட்டிபிகேட்ட வாங்கிக் காட்டுங்க. அப்புறம் லோரிப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"வாங்கலன்னா?"

"வாங்கலன்னா நீங்க பேச்சு எடுக்கக்கூடாது."

அப்படித்தான் என் வீடு அந்தக் குட்டைத் தண்ணீரில் பந்தயமாகப் போனது.

அடைப்பு மறுபடி தளர்ந்து பள்ளி திறந்த முதல் ஞாயிறு, பஸ் பிடித்து, பஸ் நின்ற இடத்திலிருந்து வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தேன். கொட்டகை வாசலில் கோச் நின்றார். கோச் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், பெண், அரசாங்க அலுவலகத்தில் பொறியாளர், ஞாயிறானால் இங்கே. ஏற்கெனவே எங்கள் இருவரையும் பார்த்தவர் என்பதால் என் பின்னால் யாரோ வருவதுபோல் ஒரு நொடி எட்டிப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சின்னப் படகு ஒன்றைக் காட்டினார். ஆறுதல் சொல்லாத முதல் ஆள் என்று மனதுக்குள் அவருக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

சாதாரணக் காலமாக இருந்தால் கோச் நம்மோடு படகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார். இப்போது அது முடியாது. அவர் கரையில் நிற்க வேண்டும், நாம் தண்ணீரில் இருக்க வேண்டும், இடையில் முகக்கவசமும் காற்றும். ஒலிபெருக்கி கேட்டிருந்தார்களாம், வரவில்லை. கோச் என்ன செய்தார் என்றால், சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு ஒன்றின் நுனியை அறுத்து, அதை வாயில் வைத்துக் கத்தினார். ஆங்கிலத்தில் கத்தினால் எனக்குப் பாதி புரியவில்லை. என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம்.

"தமிழ்ல சொல்லுங்க கோச்" என்றேன்.

"என்ர தமிழ் உங்களுக்கு விளங்குமோ தெரியாது, அக்கா."

"தமிழ் தமிழ்தான லா, ஏன் வெளங்காது?"

அவர் சிலோன்காரர். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவராம், கோச் பேசுவது முழுக்க அம்மாவின் தமிழ். எங்கள் பாட்டன்மார் பால் மரம் வெட்டிய தோட்டங்களில் அவர்கள் ஆட்கள் கணக்கெழுதும் கிராணியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அந்தத் தமிழைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதுகு கொஞ்சம் நிமிரும், கொஞ்சம் கடுப்பும் வரும். எனக்கு இரண்டும் வந்தன.

பாடம் தொடங்கியது. "கயித்தை வடிவாப் பிடியுங்கோ" என்று கூம்பு சொல்லும். வடிவு என்றால் எனக்கு அழகு. கயிற்றை அழகாகப் பிடிப்பது எப்படி என்று சுண்டு விரலைத் தூக்கிப் பார்த்தேன். "கெதியாத் திரும்புங்கோ" என்று சொல்லும். கெதி என்றால் எங்களுக்குத் தலையெழுத்து. என் கெதியைப் பற்றி இவருக்கு என்ன என்று நினைப்பதற்குள் பாயின் அடிக்கட்டை மண்டையில் அடித்துவிட்டுப் போகும். வடிவா என்றால் ஒழுங்காக, கெதியா என்றால் வேகமாக என்று போகப் போகத் தெரிந்துகொண்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடுமே.

மூன்றாவது வாரம்தான் அது நடந்தது. மத்தியானம், மலை இடுக்கிலிருந்து சட்டென்று ஒரு காற்று இறங்கியது. என் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சொல்லிக்கொடுத்தபடி மறுபக்கம் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்த்தேன். ஒரு கையில் சுக்கான், மறு கையில் கயிறு. இரண்டும் என் கையில். "விடு" என்று சொல்ல ஆள் இல்லை. அந்த நொடியில் அவர் நினைப்பு வந்துவிட்டது. எப்போதும் அவர் உட்காரும் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, பார்வை மங்கியது. அப்போது பார்த்துக் கரையிலிருந்து கூம்புக் குரல்:

"ஆறுதலா! ஆறுதலா விடுங்கோ, அக்கா!"

எனக்கு வந்ததே ஆத்திரம். நான் அழுவது இவருக்குத் தெரிந்துவிட்டது. மதிப்பெண் போட்டு வைத்திருந்த இவரும் கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். அதுவும் கூம்பு வைத்து, குட்டை முழுக்கக் கேட்கும்படி. ஆறுதலாய் இரு, விட்டுத் தள்ளு என்கிறார். எதை விடுவது? இருபத்தாறு வருடத்தையா? "விட்டுட்டேன், போதுமா!" என்று கத்தி, கையிலிருந்த கயிற்றை அப்படியே உதறினேன்.

முழுப் பாய்க் காற்றையும் ஒரேயடியாக விட்டால் சாய்ந்த படகு நிமிர்வதோடு நிற்காது, எதிர்ப்பக்கம் உருளும். எதிர்ப்பக்கத்தில் முதுகை வெளியே நீட்டிக்கொண்டு நான் இருந்தேன். வானம், மலை, பாய், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. அப்புறம் தண்ணீர்.

ஜாக்கெட் தூக்கிக்கொண்டு வந்தது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினேன். காவல் படகில் இருந்த மலாய்க்காரர் மோட்டாரைக் கிளப்பி அருகே வந்து, "ஓகே கா, காக்?" என்று நலம் கேட்டார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. கரையைப் பார்த்துக் கத்தினேன்.

"எனக்கு ஒங்க ஆறுதல் ஒன்னும் வேணாம்! படகு ஓட்டத்தான் வந்தேன்! ஊரே சொல்லிருச்சு, நீங்களுமா?"

கோச் கூம்பைக் கீழே வைத்துவிட்டு முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்தார். "அக்கா, நான் ஆறுதல் ஒண்டும் சொல்லேல்லை. கயித்தைத்தான் ஆறுதலா விடச் சொன்னனான்."

"கயித்துக்கு என்னா ஆறுதல்?"

"ஆறுதலா எண்டா... பையப் பைய. மெல்ல. எங்கட வீட்டில அப்பிடித்தான் சொல்லுறது. ஆறுதலாச் சாப்பிடு, ஆறுதலா நட எண்டு." அவர் கைகளை விரித்து நின்றார். அப்புறம் ஏதோ கிடைத்தவர்போல், "பெலான்-பெலான்!" என்றார்.

"அத மொதல்லயே பெலான்-பெலான்னு சொல்லியிருக்கலாம்லா!"

"நீங்கள்தானே தமிழில சொல்லச் சொன்னது!"

காவல் படகுக்காரருக்குக் கடைசியில் ஒரு சொல் புரிந்தது. "யா லா காக், பெலான்-பெலான்" என்று அவரும் சேர்ந்துகொண்டார். நான் கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி சிரித்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு வாய் விட்டுச் சிரித்தது அன்றுதான். தண்ணீரிலேயே கொஞ்சம் அழவும் செய்தேன், நனைந்த முகத்தில் யாருக்கும் தெரியாது. பிறகு கோச் சொல்லச் சொல்ல, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகை மேல் ஏறி நின்று, பின்னால் சாய்ந்து இழுத்துப் படகை நானே நிமிர்த்தினேன்.

கரைக்கு வந்ததும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கோப்பி குடித்தோம்.

கோச் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் சொல்லத்தான் விருப்பம், அக்கா. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை, அதான் பேசாம இருந்தனான்."

"பேசாம இருந்ததுதான் எனக்குப் புடிச்சது" என்றேன்.

படகு கவிழ்ந்ததை மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே லாரிக்குச் சொல்லிவிடுவாள்.

ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் வேலை செய்வது கையுறைத் தொழிற்சாலையில். கையுறைக்குள் காற்றை நிரப்பி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊதின கையுறையைச் சட்டென்று விட்டால் அது அசிங்கமான சத்தம் போட்டுக்கொண்டு கன்னாபின்னாவென்று பறக்கும். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், மூச்சு விடுவதுபோல் அடங்கிக் கைக்குள்ளேயே இருக்கும். இத்தனை வருடம் தினமும் செய்த வேலைதான். இப்போதுதான் கவனித்தேன். வீட்டில் துணி காயப்போடும் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, நுனியில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பிடியாக இறக்கிப் பழகினேன். ஆறுதலா, ஆறுதலா என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். வாளி தரையைத் தொடும்போது தண்ணீர் சிந்தக் கூடாது. முதல் வாரம் வீடெல்லாம் ஈரம். இரண்டாவது வாரம் ஒரு துளிகூட விழவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து எரிச்சல் வந்து, மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கும் பெயர் கொடுத்தேன். அது வேறு கதை.

பரீட்சைக்கு ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி நோய் ஏறுகிறது, திங்கள்கிழமையிலிருந்து எல்லாம் பூட்டு என்று செய்தி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் பாக்கி. மகள் கூப்பிட்டாள். "என்னாம்மா, ஞாயித்துக்கெழமதானே?" என்றாள். குரலில் கேலி இல்லை. இதை விட்டால் இனி எப்போது திறப்பார்கள், திறக்கும்போது நான் எந்த வீட்டில் இருப்பேன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

குட்டையில் மூன்று மிதவைகள். தனியாகக் கிளம்பி, மூன்றையும் வரிசையாகச் சுற்றி, கரையில் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். காவல் படகு தொடக்கூடாது. கோச் வாயைத் திறக்கக்கூடாது. அன்றைக்குக் கோச் கூம்பைக் கொட்டகைக்குள்ளேயே வைத்துவிட்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் மிதவைக்குக் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். நேராகப் போக முடியாது, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து. ஒரு தடவை பாய் படபடத்து நின்றே போய்விட்டேன். படகு பின்னால் நகர்ந்தது. நான் வாய்விட்டு என்னையே திட்டினேன். சுக்கானை மாற்றிப் பிடித்து, மறுபடி ஓட்டம் எடுத்தேன். முதல் மிதவையைச் சுற்றும்போது அதை உரசிவிடுவேன் போல நெருக்கம், உரசவில்லை.

இரண்டாவது மிதவைக்குப் போகும் வழி மலை இடுக்குக்கு நேராக வருகிறது. தெரியும். அந்தக் காற்றுக்காகத்தான் நான் மூன்று வாரமாக வாளி இறக்கினேன். தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு சிலிர்ப்பு ஓடி வந்தது. படகு சாய்ந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு இழுத்தது. விட்டுவிடு, விட்டுவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கரையைப் பார்த்தேன். கோச் பேசாமல் நின்றார், ஆனால் முகக்கவசத்துக்கு மேல் கண்கள் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.

"ஆறுதலா" என்றேன் நான், சத்தமாக. ஒரு பிடி விட்டேன். "ஆறுதலா." இன்னொரு பிடி. படகு சாய்ந்தபடியே நின்று யோசித்தது. மூன்றாவது பிடியில் மெல்ல நிமிர்ந்தது. கயிறு என் கையை விட்டுப் போகவில்லை. போக விட்டேன், ஆனால் கையிலேயே இருந்தது. அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, அந்தக் காற்று முழுவதையும் நான் கடந்தேன்.

மூன்றாவது மிதவை எப்படிப் போயிற்று என்று ஞாபகம் இல்லை. கரை மணலில் படகின் மூக்கு சொரசொரவென்று ஏறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கோச் ஓடி வந்தார். இரண்டு மீட்டருக்கு அந்தப் பக்கம் பிரேக் போட்டதுபோல் நின்றார். கட்டிப்பிடிக்க விரித்த கைகள் அப்படியே இருந்தன. நானும் கைகளை விரித்தேன். இரண்டு பேரும் நடுவில் ஒரு படகு அகலம் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஆறுதலா இறங்குங்கோ, அக்கா" என்றார். அந்தத் தடவை எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, கொட்டகை வெளியே இருந்த கல்லில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டேன். பேரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். சான்றிதழ்த் தாளைக் கைப்பேசி முன்னால் பிடித்தேன். நெடுநேரம் படித்தாள். அதில் படிக்க அவ்வளவு எழுத்து இல்லை.

"சரிம்மா" என்றாள். "லோரி வேணாம்."

"வேணாம்."

"எல்ல தெறந்தா நான் வாரேன். இவனத் தூக்கிக்கிட்டு, தெறந்த அன்னிக்கே வாரேன். காலையில மொத ஆளா பாலத்துல நிப்பேன்." மூச்சு வாங்கப் பேசினாள். அப்பாவுக்கு வராமல் போனதற்கு இப்போது ஓடி வந்துவிடுபவள்போல் பேசினாள். இத்தனை மாதமாக அவள் லாரி, லாரி என்று அடித்துக்கொண்டது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தனியாக இருப்பது மட்டும் அவள் கவலை இல்லை.

அவள் கைக்குழந்தைக்காரி. கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு வர வேண்டாம், மெதுவாக வரட்டும் என்றுதான் நினைத்தேன். நாக்கில் வந்தது குட்டையில் கற்ற தமிழ்.

"ஒன்னும் அவசரமில்லடி. நான் இங்கதான் இருப்பேன். நீ ஆறுதலா வா."

அவள் அசையவில்லை. முதலில், அன்றைக்குப் போலவே லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அவள் உதடு கோணியது. எட்டு மாத வயிற்றோடு படுக்கையில் கிடந்த நாளிலிருந்து அவள் என் முன்னால் அழுததில்லை. என்னைத் தேற்ற வேண்டுமே என்று அடக்கி வைத்திருந்த எல்லாம் உடைந்து வந்தது. "அப்பா வாசலத் தாண்டினத நான் பாக்கலம்மா" என்றாள். "எனக்கு யாருமே ஆறுதல் சொல்லலம்மா. எல்லாரும் ஒங்கள பாத்துக்கன்னுதான் சொன்னாங்க."

நான் சொன்னது அது இல்லை, மெதுவாக வா என்றுதான் சொன்னேன் என்று விளக்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். எனக்கு நாற்பது பேர் அனுப்பிய சொல், அவளுக்கு ஒருவர்கூட அனுப்பவில்லை. பெற்ற நானும் அனுப்பவில்லை.

"அழு" என்றேன். "நான் இருக்கேன். ஆறுதலா அழு."